சேர்த்து வைத்த படம்

ஓய்வூதியம் பெறும் ஆசிரியனுக்கு விடுமுறை என்று தனியாக ஒன்று இல்லை. பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும் நாட்களே அவனுக்கும் விடுமுறை. சென்ற பாடசாலை விடுமுறையின்போது கொழும்பிலிருந்து வந்திருந்த என் பேத்தி, ஒரு நாட் காலை, விறாந்தையிலே பத்திரிகையும் கையுமாக அமர்ந்திருந்த என்னை முற்றத்துக்கு இழுத்து வந்தாள். கிணற்றுக்கட்டின்மேல் இரண்டு செங்கற்களை அடுக்கி, அவற்றின் நடுவே தன் கைத்தொலைபேசியை அசையாதபடி செருகி வைத்திருந்தாள்.

“அப்பப்பா, இதிலை நில்லுங்கோ. இந்தத் தடியைக் கையிலை பிடியுங்கோ. முகத்தைக் கோவமா வைச்சிருங்கோ” என்றாள்.

36 ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்தவனுக்குக் கோபமுகம் வைத்திருப்பது கடினமான காரியமன்று. படம் எடுத்து முடிந்ததும் தடியை வாங்கிக்கொண்டு, சற்றுத் தள்ளிக் கிடந்த வாங்கிலே என்னைத் தலைகுனிந்து உட்காரச் சொன்னாள். மற்றொரு படம் எடுத்தாள். பின்னர் அதே வாங்கின் மறுகோடியிலே, வாயைப் பொத்திச் சிரிக்கும் குழப்படிகாரனாக என்னை இருத்தி மூன்றாவது படத்தையும் எடுத்தாள். அரைமணி நேரம் கழித்து அவள் கொண்டுவந்து காட்டிய படத்திலே, தடியேந்திய ஆசிரியராக நின்றவனும் நானே. ஏச்சு வாங்கிக்கொண்டு தலைகுனிந்திருந்த மாணாக்கனும் நானே. அயலிலிருந்து சிரித்தவனும் நானே. என் வாழ்நாள் முழுவதையும் ஒரே சட்டத்துள் அடக்கிவிட்டாளே என்று வியந்தேன். எண்பத்துமூன்று வயதான என் அக்கா அப்படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “இவனை ஏச ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சன். அவனே வந்திட்டான்” என்றார்.

இந்த வித்தை எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறியும் ஆவல் எனக்குண்டாயிற்று. பேத்தி பொறுமையுடன் விளக்கினாள். ஸ்னாப்சீட் என்னும் செயலியிலே ஒரு படத்தைத் திறந்து, அதன்மேல் இன்னொரு படத்தை ஏற்றும் கருவி ஒன்று உண்டு. மேலேற்றிய படம் முதலில் ஆவியுருப்போல அரைகுறையாகத் தெரியும். அதன் அடர்த்தியை முழுமையாக்கினால் கீழுள்ள படம் மறைந்துவிடும். பின்னர், செய்த மாற்றங்களை வரிசைப்படுத்திக் காட்டும் பகுதிக்குச் சென்று, விரலையே தூரிகையாகக் கொண்டு, வேண்டிய இடத்தை மட்டும் தடவவேண்டும். தடவிய இடத்திலே மேற்படம் தோன்றும். தடவாத இடத்திலே கீழ்ப்படம் நிலைத்திருக்கும். வாங்கின் ஓரத்தை அவள் விரலால் தேய்க்கத் தேய்க்க, வெறுமையாக இருந்த இடத்திலே என் தலையும், தோளும், வேட்டியும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டதை நான் கண்ணாரக் கண்டேன்.

ஆயினும் கருவி செய்வது பாதி வேலையே. மீதிப் பாதி, படம் எடுக்கும்போதே செய்யப்படவேண்டியது. கமரா ஒரு நூலளவும் அசையலாகாது. அசைந்தால் சுவரும் மரமும் ஒன்றோடொன்று பொருந்தமாட்டா. ஒளியும் மாறலாகாது. முதலாவது முயற்சியில் நாங்கள் இரண்டாம் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் இடையே தேநீர் அருந்தப் போய்விட்டோம். திரும்பி வந்து எடுத்துச் சேர்த்தபோது, ஒருவனுடைய நிழல் ஒருபுறமும் மற்றவனுடைய நிழல் வேறுபுறமும் சாய்ந்திருந்தன. ஒரே முற்றத்திலே இரண்டு சூரியன்கள்! மறுநாட் காலை ஐந்து நிமிடங்களுக்குள் மூன்றையும் எடுத்து முடித்த பின்னரே படம் ஒழுங்காக அமைந்தது. இணைப்புப் படத்திலே பொய்யைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் முகமன்று, நிழலே என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இதனை இக்காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோர் உளர். என் இளமைப் பருவத்திலேயே இது எங்கள் ஊர்களிலே வழங்கிய கலைதான். 1958ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘நாடோடி மன்னன்’, ‘உத்தமபுத்திரன்’ ஆகிய இரு படங்களிலும் கதாநாயகர் இரட்டை வேடம் பூண்டு தம்மோடு தாமே பேசியபோது, பதினொரு வயதுச் சிறுவனாகிய நான் வாய்பிளந்து பார்த்திருந்தேன். வில்லையின் ஒரு பாதியை மறைத்து நடிகரை ஒருமுறை படம்பிடித்து, படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொருமுறை பிடிப்பதே அவ்வித்தையின் பழைய முறை. எங்கள் ஊர் ஸ்ரூடியோக்காரர்களும் இத்தகைய வேலைகளில் வல்லவர்கள். கணவனை இழந்த பெண்ணொருத்தி தன் படத்தையும் கணவருடைய பழைய படத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தால், இருவரும் அருகருகே வீற்றிருப்பதுபோல ஒரு படம் ஆக்கிக் கொடுப்பர். அதற்குச் சட்டம் போட்டு, மாலை சூட்டி, வீட்டு மண்டபத்திலே மாட்டி வைப்பர். ஊரிலே அது ஒட்டிய படம் என்பதை அறியாதவர் இலர். அறிந்தும் எவரும் அதனைப் பொய் என்று கூறியதில்லை.

உண்மையில் இக்கலை புகைப்படக் கலையோடு உடன்பிறந்தது எனலாம். பழைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகுதியாக உள்வாங்குபவை. ஆதலால் கடல் தெளிவாகப் பதியும் நேரத்துக்குள் வானம் வெளிறிப்போய்விடும். பிரான்சு நாட்டுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, 1856, 1857ஆம் ஆண்டுகளிலே, கடலுக்கு ஒரு தகடும் வானுக்கு வேறொரு தகடும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளிலே பதித்தார். முகில் திரண்ட அவர் கடற்காட்சிகள் உலகப் புகழ் பெற்றன. அதே 1857ஆம் ஆண்டிலே, சுவீடன் நாட்டிற் பிறந்து இங்கிலாந்திலே தொழில் செய்த ஒஸ்கார் ரெய்லாண்டர் என்பார், முப்பதுக்கும் மேற்பட்ட தகடுகளை இணைத்து ‘வாழ்வின் இரு வழிகள்’ என்னும் பெரும்படத்தை ஆக்கினார். முதியவர் ஒருவர் இரு வாலிபரை அழைத்து வருகிறார். ஒருவன் நல்வழி நோக்கியும் மற்றவன் இன்பக் கேளிக்கை நோக்கியும் திரும்புகின்றனர். மன்செஸ்டர் நகரிலே நடந்த பெருங்கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அப்படத்தின் பிரதியொன்றை விக்டோரியா மகாராணியாரே விலைக்கு வாங்கினார்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு மேதை இருந்தார். 1900ஆம் ஆண்டிலே கொழும்பிற் பிறந்து 1944இல் மறைந்த லயனல் வென்ட், சட்டம் பயின்றவர். சிறந்த பியானோ வாத்தியக்காரர். அவற்றினும் மேலாகப் புகைப்படக் கலைஞர். படங்களை வெட்டியும் ஒன்றன்மேல் ஒன்று பதித்தும், ஒளியைப் புரட்டியும் இருட்டறையிலே அவர் செய்த பரிசோதனைகளை, இன்று செயலிகளோடு விளையாடும் இளைஞர் ஒருமுறை பார்க்கவேண்டும். கொழும்பிலே அவர் பெயர் தாங்கிய அரங்குக்கு நாடகம் பார்க்கச் செல்வோருட் பலர், அவர் எத்தகைய படங்களை ஆக்கினார் என்பதை அறியார். இருட்டறையில் அவர் நாட்கணக்காகச் செய்த வேலையின் ஒரு கூற்றை, 1990ஆம் ஆண்டிலே வெளிவந்த ஃபோட்டோஷொப் என்னும் கணினிச் செயலி மேசைக்குக் கொண்டுவந்தது. அதிலே படங்களை அடுக்கடுக்காக வைத்து வேலை செய்யும் முறை 1994இல் வந்து சேர்ந்தது. இன்று அம்முறையே என் பேத்தியின் உள்ளங்கையில் இருக்கிறது.

விளையாட்டுக்கும் கலைக்கும் பயன்பட்ட இவ்வித்தை வஞ்சனைக்கும் பயன்படாமற் போகவில்லை. அமெரிக்காவிலே வில்லியம் மம்லர் என்பவர், 1860களில், உயிரோடிருப்பவரைப் படம்பிடித்தால் இறந்துபோன உறவினரின் ஆவியும் உடன் பதியும் என்று கூறித் தொழில் நடத்தினார். உள்நாட்டுப் போரிலே மைந்தரை இழந்த மக்கள் அவரை நாடிச் சென்றனர். 1869இல் நியூயோர்க் நீதிமன்றத்திலே அவர்மீது மோசடி வழக்கு நடந்தது. போதிய சான்றில்லையென்று விடுவிக்கப்பட்டார். கொலையுண்ட ஜனாதிபதி லிங்கனின் விதவை மனைவியார் அவரிடம் படம் எடுத்தபோது, பின்னால் லிங்கனுடைய மங்கலான உருவம் நின்று, அவர் தோள்மீது கைவைத்திருந்தது. அந்த அம்மையார் அதனை நம்பினார்.

சேர்ப்பது போலவே நீக்குவதும் உண்டு. 1937ஆம் ஆண்டளவிலே, மொஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்கு அருகே நின்று படமெடுத்துக்கொண்டவர் சோவியத் இரகசியப் பொலிசின் தலைவர் நிக்கொலாய் யெசோவ். 1940இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் வெளிவந்த பிரதியிலே அவர் நின்ற இடத்திற் கால்வாயின் நீர் மட்டுமே காணப்பட்டது.

இவற்றையெல்லாம் நான் இங்கு விரித்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பேத்தியின் விளையாட்டு அந்த முற்றத்தோடு முடிந்துவிடவில்லை.

மூன்றாம் நாள் மாலை, அக்கா தம் திருமுறைப் புத்தகத்தை எடுத்து வந்து, அதன் ஏடுகளுக்கிடையே இருந்த ஒரு சிறு படத்தைப் பேத்தியின் கையிற் கொடுத்தார். அது எங்கள் தம்பியின் படம். வீட்டிலே அவனைச் சின்னவன் என்போம். உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்பதற்காக 1967இல் எடுத்த பாஸ்போட் அளவுப் படம் அது. அடுத்த ஆண்டிலே நெருப்புக்காய்ச்சல் கண்டு, பத்தொன்பதாவது வயதில் அவன் போய்விட்டான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்களெல்லாரும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மழையில் நடந்தபோது, எங்கள் வீட்டுப் படங்கள் அனைத்தும் வீட்டோடு கிடந்து அழிந்தன. அக்கா எடுத்து வந்த திருமுறைப் புத்தகத்துக்குள் இருந்த இந்த ஒரு படம் மட்டும் தப்பியது.

அக்காவின் கலியாணம் சின்னவன் இறந்து இரண்டு ஆண்டுகளின் பின், 1970இல் நடைபெற்றது. அக்கலியாணப் படமொன்றின் பிரதியைக் கனடாவிலுள்ள உறவினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் அனுப்பியிருந்தார். அதிலே மாப்பிள்ளைத் தோழனாக நிற்பவன் நான். மாப்பிள்ளையின் கால்கழுவி மோதிரம் வாங்குவது கடைக்குட்டித் தம்பியின் உரிமை என்று, சிறுவயது முதலே சின்னவன் சொல்லித் திரிந்தவன்.

“பிள்ளை, அப்பப்பாவை மூண்டாக்கினியே. சின்னவனை ஒருக்கா இந்தப் படத்திலை கொண்டுவந்து விடு பாப்பம்” என்றார் அக்கா.

எனக்கு மனம் ஒப்பவில்லை. மம்லரின் கதையை அக்காவுக்கு எடுத்துரைத்தேன். நடவாத ஒன்றை நடந்ததாகக் காட்டுவது விளையாட்டாகாது என்றேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த மனிசிக்கு அவர் பொய் சொன்னவர். எனக்கு ஆர் பொய் சொல்லினம்? கேக்கிறது நானெல்லே” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

வேலை எளிதாக இருக்கவில்லை. சின்னவனுடைய சிறு படத்திலே தலையும் தோளும் மாத்திரமே உண்டு, உடல் இல்லை. ஆதலால் பேத்தி தன் தமையனுக்கு என் பட்டு வேட்டியையும் சால்வையையும் உடுத்தி, கலியாணப் படத்திலே வெயில் விழுந்த பக்கத்தை நிழல்களைக் கொண்டு கணித்து, அதற்கேற்ற நேரத்தில் அவனை முற்றத்திலே நிறுத்திப் படம் எடுத்தாள். நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கினாள். பழைய படத்தின் மங்கலுக்கு ஈடாகப் புதியதையும் சற்று மங்கலாக்கினாள். இரண்டு இரவுகள் அவள் விரல் அக்கண்ணாடித் திரையின்மேல் நகர்ந்துகொண்டேயிருந்தது. முடிவில், எனக்கும் அத்தானுக்கும் இடையிலே சின்னவன் வந்து நின்றான். முகம் என் தம்பியுடையது. தோள்கள் என் பேரனுடையவை. ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்பதை நான் எவ்வளவு கூர்ந்து நோக்கியும் கண்டுகொள்ள முடியவில்லை. வெகுநேரம் அப்படத்தைக் கீழே வைக்காமல் இருந்தேன் என்பதையும் இங்கு மறைக்காமற் சொல்லிவிட வேண்டும்.

நகரத்திலே பிரதி எடுப்பித்து, சட்டம் போட்டு, அக்காவின் அறையில் மாட்டினோம்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். எங்கள் உறவினர் ஒருவர், அக்காவின் கலியாணத்துக்கு வந்திருந்தவர், சுகம் விசாரிக்க வந்தார். படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் முகம் மலர்ந்து, “உதிலை நிக்கிறது சின்னவனெல்லே! நல்லா நினைவிருக்கு. அண்டைக்குப் பந்தியிலை ஓடி ஓடிப் பாயசம் வாத்தவன்” என்றார்.

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வந்தவர் பொய் சொல்பவரல்லர். சின்னவன் பாயசம் வார்த்ததை வேறு ஏதோவொரு கலியாணத்தில் அவர் கண்டிருக்கவும் கூடும். படம் அந்நினைவைப் பிடுங்கி எடுத்து, இந்தக் கலியாணத்தில் நட்டுவிட்டது. ஒரு கணத்துக்குள் சின்னவனுடைய ஆயுளில் இரண்டு ஆண்டுகள் கூடிவிட்டன. அவனுடைய சாவு எங்கேயோ ஒதுங்கிப் போய்விட்டது. உண்மையை நானே எடுத்துக் கூற வேண்டியதாயிற்று. அவர் நம்பத் தயங்கினார். “படத்திலை நிக்கிறானே” என்பதே அவருடைய வாதமாயிருந்தது.

அவர் சென்ற பின்னர், நான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அக்கா படத்தைக் கழற்றச் சொன்னார். அதனைத் திருப்பி என்முன் வைத்து, “தம்பி, பின்பக்கத்திலை எழுதிவிடு. இது பிள்ளையள் சேர்த்து வைச்ச படம் எண்டு எழுது. அவன் மோசம்போன வருசத்தையும் எழுது” என்றார்.

“ஏனக்கா? நீங்கள்தானே கேட்டனீங்கள்?” என்றேன்.

“எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். எங்களுக்குப் பிறகு ஆருக்குத் தெரியும்? எழுதாட்டில் அவன் செத்ததே இல்லை எண்டு போயிடும். பிறகு அந்தக் கலியாணத்தண்டு நான் அழுத அழுகை ஆருக்காக?”

36 ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். மம்லரையும் யெசோவையும் பற்றி வகுப்பிலே பேசியவன். படத்தைத் திருத்துவதிலே எது குற்றம், எது குற்றமன்று என்று என்னைக் கேட்டிருந்தால் நீண்ட விளக்கம் கூறியிருப்பேன். ஆயினும் அக்கா கூறியது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. இல்லாதவனைச் சேர்ப்பதால் ஓர் உண்மை கூடுவதில்லை என்பது மாத்திரமே எனக்குத் தெரிந்திருந்தது. சேர்த்ததை மறைத்துவிட்டால், அவன் இல்லாமற்போன உண்மையும் அதனோடு அழிந்துபோகும் என்பதை அக்காவே எனக்கு உணர்த்தினார். யெசோவைப் படத்திலிருந்து நீக்கியவர்கள் அவருடைய இருப்பை அழித்தார்கள். நாங்களோ, அன்பினாலே, எங்கள் தம்பியின் இன்மையை அழிக்க இருந்தோம்.

இன்று செயற்கை நுண்ணறிவின் துணையோடு, ஒரு சொற்றொடரைச் சொன்ன மாத்திரத்தே, நடவாத கலியாணங்களையும் பிறவாத மனிதரையும் படமாக்கித் தரும் கருவிகள் வந்துவிட்டன. செங்கல்லும் வேண்டா, வெயிலும் வேண்டா, நிழலைக் கணிக்கவும் வேண்டா. அவற்றைக் கண்டு அஞ்சிப் பிள்ளைகளின் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்க வேண்டும் என்று நான் கூறமாட்டேன். தன்னைத் தானே மூவராக்கிச் சிரிப்பதிலே யாதொரு தீங்கும் இல்லை. பார்ப்பவர் யாவரும் அவ்விளையாட்டிலே பங்காளிகள். ஒரே மனிதர் மூன்று இடத்தில் நிற்கமாட்டார் என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. தானே சொல்லமாட்டாத படத்துக்குத்தான் நாம் சொல்லவேண்டியிருக்கிறது. ஆசிரிய நண்பர்கள் வகுப்பிலே இதனை ஒரு பயிற்சியாகவே செய்விக்கலாம்: மாணவர் விரும்பியவாறு இணைப்புப் படம் ஆக்கட்டும், ஆக்கிய பின், எதை எங்கிருந்து எடுத்துச் சேர்த்தோம் என்பதைத் தம் கையால் நாலு வரி எழுதட்டும். படத்தை ஆக்கத் தெரிந்த பிள்ளை, பிறர் ஆக்கிய படத்திலே நிழல் எப்பக்கம் விழுகிறது என்று பார்க்கவும் தெரிந்துகொள்ளும்.

அன்றிரவே மைப்பேனாவை எடுத்து, படத்தின் பின்புறத்தே எழுதினேன். கலியாணம் நடந்த ஆண்டு, சின்னவன் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, முகம் யாருடையது, உடல் யாருடையது, சேர்த்தவள் யார், சேர்க்கச் சொன்னவர் யார் என்பனவெல்லாம் அதிலே உள்ளன. எழுதி முடித்ததை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு பிழை இருப்பதாகச் சொன்னார். சின்னவன் இறந்த மாதத்தை நான் ஆடி என்று எழுதியிருந்தேன், அது ஆனி. வெட்டித் திருத்தினேன். அதன் பின்னரே படத்தை மீண்டும் சுவரிலே மாட்டச் சம்மதித்தார்.